வாயு பறந்துவிடும், உப்பு தங்கிவிடும்

சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று தெரிந்த கையோடு ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் ‘சாப்பிடலாம்’, மறுபக்கம் ‘தவிர்க்கவும்’. தவிர்க்க வேண்டிய பக்கத்தில் இளநீர், வாழைப்பழம், கீரை, ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று நீளும் வரிசையின் அடியில் ‘பேக்கரி பண்டங்கள்’ என்று இரண்டு சொல் இருக்கும். இளநீரில் பொட்டாசியம், ஊறுகாயில் உப்பு. இதெல்லாம் யாருக்கும் விளங்கும். பன்னும் கேக்கும் பிஸ்கட்டும் அந்த வரிசையில் எதற்காக நிற்கின்றன? நாக்கில் உப்பே தெரியவில்லையே? பலர் தாங்களாகவே ஒரு பதிலைச் சொல்லிக்கொள்கிறார்கள்: சர்க்கரை வியாதிக்காரர்களுக்காகப் போட்டிருப்பார்கள், நமக்குத்தான் சுகர் இல்லையே. மாலை டீயோடு நாலு பிஸ்கட் வழக்கம்போல நடக்கிறது.

அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் உள்ள காரணங்களில் ஒரு பெரும்பங்கு மாவிலும் இல்லை, சர்க்கரையிலும் இல்லை. மாவை உப்ப வைக்கச் சிட்டிகை, கால் ஸ்பூன் என்று போடுகிறோமே, அந்தத் தூளில் இருக்கிறது. அதை யாரும் ‘சாப்பிடும் பொருள்’ என்று நினைப்பதில்லை. வேலை முடிந்ததும் காணாமல் போய்விடும் ஒன்று என்றே நினைக்கிறோம்.

காணாமல் போவது வாயு மட்டும்தான். மாவு உப்ப வேண்டுமானால் அதற்குள் வாயு அடைபட வேண்டும். யீஸ்ட் போட்டால் அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று மெல்ல மெல்லக் கரியமில வாயுவை விடும். சோடாவும் புளிப்பும் சேர்ந்தால் அதே வாயு நொடியில் நுரைத்து வரும். வாயுவுக்கு வேலை அடுப்பு வரைக்கும்தான். கேக் ஆறுவதற்குள் அது கிளம்பிவிடும். சோடாவிலும் புளிப்புத் தூளிலும் வாயுவாக மாறாத மிச்சம் கேக்குக்குள்ளேயே தங்கும். சோடியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், சில சமயம் அலுமினியம் எல்லாம் அந்த மிச்சத்தில் அடக்கம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் அதை மறுநாளே கழித்துவிடுவார். கழிக்க முடியாதவருக்கு அது கணக்கில் ஏறிக்கொண்டே போகும். எந்தத் தூள் எந்த மிச்சத்தை விடுகிறது, அது எவருக்கு ஆகாது என்று பிரித்துப் பார்த்தால் அந்தத் தாளின் இரண்டு சொல்லும் வேறு மாதிரித் தெரியும்.

ஆப்ப சோடாவின் கணக்கு

ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று ஊருக்கு ஒரு பெயர். பொருள் ஒன்றுதான், சோடியம் பைகார்பனேட். அதன் எடையில் கால்வாசிக்கும் மேல், சரியாகச் சொன்னால் 27 சதவீதம், சோடியம். ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 4.6 கிராம். அதில் 1,260 மி.கி. சோடியம் இருக்கிறது. ஒரு டீஸ்பூன் தூள் உப்பில் சுமார் 2,300 மி.கி. ஆக, ஆப்ப சோடா என்பது பாதி உப்பு. நாக்குக்கு மட்டும் அது தெரியாது, ஏனென்றால் உப்புக் கரிப்பது சோடியம் குளோரைடின் சுவை. சோடியம் வேறு துணையோடு வந்தால் நாக்கு அடையாளம் கண்டுகொள்வதில்லை.

சிறுநீரக நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 2,000 மி.கி. சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள், நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது 2024இல் வந்த சர்வதேச வழிகாட்டல். சோடியம் கூடினால் ரத்தக்கொதிப்பு ஏறும், கால் வீங்கும். டயாலிசிஸில் இருப்பவருக்குத் தாகம் எடுக்கும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் அடுத்த முறை எடை மேடையில் மூன்று, நான்கு கிலோ கூடி நிற்கும். அந்தத் தண்ணீரை நாலு மணி நேரத்தில் இழுக்கும்போது கால் நரம்பு பிடித்துக்கொள்ளும். ‘தண்ணியைக் குறைங்க’ என்று திட்டு வாங்குபவருக்கு உண்மையில் குறைக்க வேண்டியிருப்பது உப்பு. ‘நான் சாப்பாட்டில் உப்பே போட்டுக்கிறதில்லை’ என்று அவர் சொல்வது பொய்யாக இருக்காது. போட்டது வேறு பெயரில் இருக்கும்.

நம் சமையலில் சோடா புகும் இடங்கள் கொஞ்சம் அல்ல. பஜ்ஜி மாவு, போண்டா, கடையில் விற்கும் மெதுவடை, சில கடைகளின் பரோட்டா மாவு. சீக்கிரம் வேக வேண்டும் என்று கொண்டைக்கடலையில் கால் ஸ்பூன். இந்தக் கடைசிப் பழக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: ஊறவைக்கும் தண்ணீரில் சோடா போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி சோடியம் வடிகாலில் போய்விடும், கடலையின் பொட்டாசியத்திலும் ஒரு பங்கு சேர்ந்து போகும். குக்கரில் வேகவைக்கும்போது போட்டால் அத்தனையும் குழம்புக்குள். அப்பளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உப்போடு அப்பளக்காரமும் சேர்ந்தது, அதுவும் சோடியம்தான்.

திடீர் ரவா இட்லிக்கும் டோக்ளாவுக்கும் போடும் ஈனோவைப் பலர் ‘வயிற்றுக்கு நல்லது’ என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதுவும் சோடியம் பைகார்பனேட், சோடியம் கார்பனேட், சிட்ரிக் அமிலம் ஆகியவற்றின் கலவையே. 5 கிராம் பாக்கெட் ஒன்றில் சுமார் 850 மி.கி. சோடியம். பன்னிரண்டு இட்லிக்கு ஒரு பாக்கெட் என்றால் இட்லிக்கு 70 மி.கி.; மாவில் போட்ட உப்பு தனி. இட்லியில் அது பெரிய தொகை இல்லை. நெஞ்செரிச்சலுக்கு அதே பாக்கெட்டை டம்ளரில் கரைத்துக் குடிக்கும்போது ஒருநாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே மடக்கில் போய்விடுகிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், வர வேண்டும். சிறுநீரக மருத்துவரே சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதிக் கொடுக்கிறாரே? கொடுக்கிறார். சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் அமிலம் தேங்கும். அதை நடுநிலைக்குக் கொண்டுவரக் காரம் வேண்டும். 2009இல் லண்டனில் 134 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், இந்த மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே பலனைக் காட்டவில்லை என்றாலும் மாத்திரை புழக்கத்தில் இருக்கிறது. 500 மி.கி. மாத்திரை ஒன்றில் 137 மி.கி. சோடியம், மருத்துவர் அதைத் தெரிந்தேதான் எண்ணிக்கை போடுகிறார். மாவில் போடும் சோடா அந்த வேலையைச் செய்யாது. அதன் காரத்தன்மை தயிரோடும் புளிப்போடும் சண்டையிட்டு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மருந்தாகும் பகுதி கேக்கில் செலவாகிவிட, மருந்துக்குக் கொடுக்கும் விலையான சோடியம் மட்டும் வயிற்றுக்கு வருகிறது. மாத்திரைக்குப் பதிலாக டப்பாவிலிருந்து கால் ஸ்பூன் சோடாவைக் கரைத்துக் குடிக்கும் கைவைத்தியமும் வேண்டாம். ஸ்பூன் அளவு ஆளுக்கு ஆள் மாறும்; ரத்தத்தின் காரநிலை அத்தனை விட்டுக்கொடுக்காது.

எலும்பிலிருந்து வந்த தூள்

பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு உலர்ந்த புளிப்பு ஒன்றையும், இரண்டும் முன்கூட்டியே சண்டை போடாமலிருக்கக் கொஞ்சம் ஸ்டார்ச்சையும் சேர்த்த கலவை. 1843இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், யீஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக இப்படி ஒரு தூளைச் செய்தார். அதில் புளிப்புக்கு டார்டாரிக் அமிலம். திராட்சை ரசப் பீப்பாய்களில் படியும் கசடிலிருந்து எடுப்பது என்பதால் விலை அதிகம். ஈரம் பட்டவுடனே நுரைத்துத் தீர்ந்தும்விடும்.

பதிமூன்று வருஷம் கழித்து, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த எபென் நார்டன் ஹார்ஸ்ஃபோர்ட் வேறு வழி கண்டார். கால்நடை எலும்பை அமிலத்தில் கரைத்துக் கால்சியம் பாஸ்பேட்டை எடுத்துப் புளிப்பாகப் பயன்படுத்தினார், 1856இல் காப்புரிமை. ரோட் தீவு மாநிலத்தில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை எழுந்தது. ஹார்ஸ்ஃபோர்ட் ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியல் அறிஞரிடம் பயின்றவர். பயிருக்கும் உடம்புக்கும் பாஸ்பேட்தான் உரம் என்ற எண்ணம் ஊறிப்போனவர். தவிட்டோடு வெள்ளை மாவு இழந்த பாஸ்பேட்டைத் தன் தூள் ரொட்டிக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்பதையே அதன் பெருமையாகச் சொன்னார். விற்பனைக்கு உதவிய அதே குணம்தான் இன்று சிறுநீரகப் பிரிவின் உணவு ஆலோசகர் அந்தத் தூளைக் கண்டு முகம் சுளிக்கக் காரணம். ஹார்ஸ்ஃபோர்டின் வாடிக்கையாளர்கள் மத்தியில் டயாலிசிஸ் நோயாளிகள் இருந்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் நின்றுபோன பிறகும் வருடக்கணக்கில் வாழ்வது 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் சாத்தியமாயிற்று.

ஹார்ஸ்ஃபோர்டின் வழிதான் ஜெயித்தது. பாஸ்பேட் மலிவு, டப்பாவில் கெடாமல் கிடக்கும், மெதுவாக வேலை செய்யும். சோடியம் பைரோபாஸ்பேட் போன்ற சில வகைகள் சூடு பட்ட பிறகே விழித்துக்கொள்ளும். மாவைக் கலக்கி வைத்துவிட்டு ஆற அமர அடுப்பில் ஏற்றும் பேக்கரிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லா பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல என்பது அமெரிக்க வேளாண் துறையின் சத்து அட்டவணையைப் பார்த்தால் தெரியும். சோடியம் அலுமினியம் சல்பேட் சேர்ந்த சாதாரண வகையில் ஒரு டீஸ்பூனுக்குச் சோடியம் சுமார் 490 மி.கி., கால்சியம் 270, பாஸ்பரஸ் 100. பாஸ்பேட்டை மட்டுமே நம்பும் வகையில் சோடியம் 360தான், ஆனால் பாஸ்பரஸ் 450ஐத் தாண்டுகிறது. ‘சோடியம் குறைத்தது’ என்று விற்கும் வகையில் சோடியம் 5 மி.கி. கூட இல்லை. அங்கே பாஸ்பரஸ் 340, பொட்டாசியம் 500. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 420 மி.கி. அளவுக்குத்தான் பொட்டாசியம்; அந்தப் பழத்தைத் தொடவே கூடாது என்றிருக்கும் நோயாளி, ‘லோ சோடியம்’ என்ற இரண்டு வார்த்தையை நம்பி இந்த டப்பாவை வாங்கிவிடலாம். உடம்புக்கு நல்லது என்று பெயர் போட்டு வருவதில் இதைவிட நைசான பொறியை நான் பார்த்ததில்லை. பொட்டாசியம் குளோரைடு கலந்த ‘லோ சோடியம்’ உப்பிலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அந்த உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று தனியே சொன்னது. ஆன்லைனில் ‘சோடியம் இல்லாத பேக்கிங் சோடா’ என்று வருவது பொட்டாசியம் பைகார்பனேட்; எடையில் 39 சதவீதம் பொட்டாசியம். ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத்தின் துடிப்பு தடுமாறும், சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல்.

அலுமினியத்துக்கு வேறொரு கதை. 1970களில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குப் பேச்சு குழறி, நினைவு தப்பி, வலிப்பு வந்தது. டயாலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியமும், பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுத்த அலுமினிய மருந்தும் மூளையில் படிந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் முறை மாறியதும் அந்த நோய் அநேகமாக ஒழிந்தது. பேக்கிங் பவுடரில் உள்ள அலுமினியத்தில் மிகச் சிறிய பங்குதான் குடலில் உறிஞ்சப்படுகிறது என்றாலும், அதை வெளியேற்றும் முக்கிய வழி சிறுநீரகம் என்பதால் இந்த நோயாளிகள் விலகியிருப்பது நல்லது. இங்கும் ஒரு திருப்பம்: ‘அலுமினியம் இல்லாதது’ என்று டப்பாவில் போட்டிருந்தால் அந்த இடத்தைப் பெரும்பாலும் பாஸ்பேட்தான் பிடித்திருக்கும். ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று உள்ளே வரும்.

கண்ணில் படாத பாஸ்பரஸ்

உப்பை நாக்கு கண்டுபிடிக்கும், பொட்டாசியத்துக்குத் தாளில் பட்டியல் இருக்கும். பாஸ்பரஸ் இரண்டிலும் சிக்காது. ரத்தத்தில் அதன் இயல்பான அளவு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி. சிறுநீரகம் தளரத் தொடங்கும்போதே எலும்பிலிருந்து எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, மிச்சமிருக்கும் வடிகட்டிகளை விரட்டி வேலை வாங்கிப் பாஸ்பரஸை வெளியே தள்ளும். அதனால் பல வருஷம் ரிப்போர்ட் சரியாகவே இருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் என்று வரும் எண்) 30க்குக் கீழே போகும்போதுதான் அளவு ஏறுவது வெளியே தெரியும். அதற்குள் கழுத்தில் கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பி பெருத்திருக்கும், எலும்பு கால்சியத்தை இழக்க ஆரம்பித்திருக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியத் தொடங்கியிருக்கும். நோயாளிக்குத் தெரிவது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு மட்டும்.

டயாலிசிஸ் பாஸ்பரஸை நன்றாக எடுத்துவிடும் என்று நம்பவும் முடியாது. அதில் பெரும்பகுதி எலும்பிலும் செல்லுக்குள்ளும் இருப்பதால் ரத்தத்துக்கு மெதுவாகத்தான் வரும். நாலு மணி நேர அமர்வில் ஏறக்குறைய 800 மி.கி. முதல் ஒரு கிராம் வரை போகலாம். வாரத்துக்கு மூன்று முறை என்றாலும், ஏழு நாள் சாப்பாட்டில் உள்ளே வருவதற்கு இது ஈடாகாது.

வாயில் போவது எத்தனை மி.கி. என்பதைவிடக் குடல் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்பதே முக்கியம். பருப்பு, முழுக் கோதுமை, கொட்டைகளில் உள்ள பாஸ்பரஸ் பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி மனிதக் குடலில் இல்லை. பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படும். இறைச்சியிலும் பாலிலும் உள்ளது பாதியை ஒட்டி. தொழிற்சாலையில் உப்பாகச் சேர்த்த பாஸ்பேட்டுக்குப் பூட்டு ஏதும் இல்லை. 90 சதவீதம் அளவுக்கு உள்ளே போகும் என்று கணக்கிடுகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் துவரம்பருப்பில் பாஸ்பரஸ் அதிகம், வெள்ளை கேக்கில் குறைவு. உடம்புக்குள் போகும் கணக்கில் வித்தியாசம் சுருங்கிவிடும். சில சமயம் தலைகீழாகவும் ஆகும். பருப்பைப் பயந்து ஒதுக்கிவிட்டு ‘லைட்டா’ ஸ்பான்ஞ் கேக் சாப்பிடுபவர், புரதத்தையும் இழந்து பாஸ்பரஸையும் சம்பாதிக்கிறார்.

இந்தச் சேர்மானப் பாஸ்பேட்டைத் தவிர்த்தால் மட்டும் என்ன ஆகும் என்று வடகிழக்கு ஓஹையோவில் 279 டயாலிசிஸ் நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2009இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒரு பிரிவுக்குக் கடையிலும் உணவகத்திலும் பாஸ்பேட் சேர்த்த பொருட்களை எப்படி அடையாளம் காண்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுடைய ரத்தப் பாஸ்பரஸ், மற்றவர்களைக் காட்டிலும் 0.6 மி.கி. கூடுதலாக இறங்கியிருந்தது. புது மருந்து எதுவும் இல்லை. லேபிள் படிக்கத் தெரிந்ததுதான்.

நம் ஊர் லேபிளில் அதைப் படிப்பது கொஞ்சம் கஷ்டம். இந்தியாவில் பாக்கெட்டில் சோடியம் அளவைப் போட்டாக வேண்டும். பாஸ்பரஸும் பொட்டாசியமும் போட வேண்டிய கட்டாயமில்லை. மிஞ்சுவது பொடி எழுத்தில் ஓடும் எண்கள். ஐஎன்எஸ் (உணவுச் சேர்மானங்களுக்கான சர்வதேச எண்) 500 என்றால் ஆப்ப சோடா, 503 அம்மோனியம் பைகார்பனேட், 501 பொட்டாசியம் பைகார்பனேட், 336 பொட்டாசியத்தோடு வரும் டார்டரேட். 338 தொடங்கி 343 வரை, 450 தொடங்கி 452 வரை, அப்புறம் 541: இவை எதைக் கண்டாலும் பாஸ்பேட். 541இல் அலுமினியமும் சேர்ந்தே இருக்கிறது. 521 என்றால் சோடியம் அலுமினியம் சல்பேட். செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒழிய அறுபது வயதுக் கண்ணுக்கு இது தெரியப்போவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கடையில் கிடைக்கும் செல்ஃப் ரைசிங் மாவில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். அமெரிக்க அட்டவணைப்படி சாதாரண மைதா 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 108 மி.கி.; இந்த மாவில் அது 600ஐ நெருங்குகிறது, சோடியம் 1,200ஐ ஒட்டி. பான்கேக் பொடி, மஃபின் பொடி எல்லாம் இந்த ஜாதிதான். முட்டையில்லாத கேக்கும் அப்படியே. முட்டை தூக்கிப் பிடிக்க வேண்டியதைத் தூளே தூக்க வேண்டியிருப்பதால் சோடாவும் பவுடரும் கை நிறைய விழும். சைவமாக இருப்பதாலேயே அதற்கு ஓர் ஆரோக்கியப் பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மிச்சம் வைக்காதவை

யீஸ்ட் உயிருள்ள பொருள் என்பதால் அதிலும் பாஸ்பரஸ் உண்டு, ஆனால் 7 கிராம் உலர் யீஸ்ட்டில் 45 மி.கி.தான். ஒரு முழு ரொட்டிக்கு அது போதும். துண்டுக்கு மூன்று, நாலு மி.கி. வரும். புளிக்கும் நேரத்தில் மாவின் பைட்டேட் பூட்டும் கொஞ்சம் திறக்கும் என்பது உண்மை, அதனால் மாவின் சொந்தப் பாஸ்பரஸ் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனாலும் டப்பாப் பாஸ்பேட்டோடு ஒப்பிட்டால் இது சில்லறை. கடை ரொட்டியில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. சில ரொட்டிகளில் மாவைப் பதப்படுத்த 341 சேர்ப்பதும் உண்டு.

இட்லி மாவு இன்னும் சிக்கனம். அரிசியிலும் உளுந்திலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களே, முக்கியமாக லூகோநாஸ்டாக், வாயுவையும் புளிப்பையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. ராத்திரி முழுக்கப் பொறுத்திருப்பதுதான் கூலி. மாவு பொங்கவில்லை என்று காலையில் சோடா போடும் வீட்டில் இந்த லாபம் போய்விடும். உப்பைப் பாதியாகக் குறைத்தாலும் மாவு புளிக்கும், தடையில்லை. சட்னி, சாம்பாரில் உள்ள உப்பு அதை மறைத்துவிடும், சட்னிக்கும் சாம்பாருக்கும் அளவு உண்டு என்பது வேறு விஷயம்.

ஆப்பத்தில்தான் சிக்கல். பழைய முறையில் கள் ஊற்றிப் புளிக்கவைத்தார்கள். இலங்கையிலும் கேரளத்திலும் அந்த வழக்கம் உண்டு. கள் கிடைக்காத இடத்தில் யீஸ்ட் வந்தது, அல்லது ஆப்ப சோடா. கூடவே வாசனைக்கு இளநீரோ தேங்காய்த் தண்ணீரோ ஊற்றுவார்கள். இளநீர் 100 மி.லி.யில் 200 மி.கி.க்கும் மேல் பொட்டாசியம் இருக்கலாம். மேலே ஊற்றும் தேங்காய்ப் பால் வேறு. பொட்டாசியம் ஏறியிருப்பவர் யீஸ்ட்டும் வெதுவெதுப்பான நீரும் சர்க்கரையும் போட்டுப் புளிக்கவைத்த ஆப்பத்தைச் சாப்பிடலாம். வாசனை போய்விட்டது என்று பாட்டி முணுமுணுப்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

தூளே இல்லாமல் காற்றை மட்டும் வைத்து உப்ப வைக்கும் வித்தை தூத்துக்குடி மக்ரூனில் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி; அவ்வளவே. ஒரு வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் 5 மி.கி., மஞ்சள் கருவில் 66. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வெள்ளைக்கருவை உணவு ஆலோசகர்கள் தூக்கிப் பிடிப்பது இதனால்தான்: நல்ல புரதம், பாஸ்பரஸ் அநேகமாக இல்லை. முந்திரியில் பாஸ்பரஸ் நிறைய. ஆனால் அது பைட்டேட்டில் பூட்டியது, ஒன்றிரண்டு மக்ரூனில் வரும் முந்திரி எத்தனை கிராம்?

பிஸ்கட்டில் வரும் 503, அதாவது அம்மோனியம் பைகார்பனேட், இன்னொரு வினோதம். சூடு பட்டதும் அது முழுக்க அம்மோனியா, நீராவி, கரியமில வாயு என்று மூன்றாகப் பிரிந்து பறந்துவிடும். உலோக மிச்சமே கிடையாது. பேக்கரியில் அடுப்புக் கதவைத் திறக்கும்போது மூக்கில் ஏறும் நெடி அதுதான். மெல்லிய, மொறுமொறுப்பான பண்டத்துக்கு மட்டும் ஆகும். கேக்கில் போட்டால் அம்மோனியா உள்ளேயே சிக்கி நாறும். நம் ஊர் பிஸ்கட் பாக்கெட் பலவற்றில் 503, 500 என்ற இரண்டு எண் மட்டுமே இருக்கும். பாஸ்பேட் எண் இல்லாத அப்படி ஒரு பாக்கெட், பாஸ்பரஸ் ஏறியவருக்குக் கேக்கைவிட மேல். சோடியத்தைப் பக்கத்தில் உள்ள அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் கேக் செய்தே ஆக வேண்டும் என்பவர், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குப் பதில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும், மாவில் ஏற்கெனவே தயிர் இல்லாவிட்டால் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் போடலாம். பாஸ்பரஸ் பூஜ்யம், சோடியம் சுமார் 315 மி.கி., எலுமிச்சையின் பொட்டாசியம் பொருட்படுத்தத் தக்கதல்ல. கலந்தவுடன் அடுப்பில் ஏற்ற வேண்டும், காத்திருந்தால் வாயு போய்விடும். எலுமிச்சைக்குப் பதில் கிரீம் ஆஃப் டார்டார் அரை டீஸ்பூன் என்று சமையல் குறிப்புகளில் வரும். அதில் 250 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 4ஐ ஒட்டி இருப்பவருக்குச் சிக்கலில்லை, 5.5இல் இருப்பவர் தொட வேண்டாம்.

பத்துத் துண்டு கேக்குக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று வைத்துக்கொண்டால், பாஸ்பேட் வகையில் துண்டுக்கு 90 மி.கி. பாஸ்பரஸும் 70 மி.கி. சோடியமும் வரும். பேரனின் பிறந்தநாளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டதால் எதுவும் இடிந்து விழாது. இடிப்பது தினமும் மாலை வரும் அந்தத் துண்டு, அந்த பன், அந்த நாலு பிஸ்கட்.

பாஸ்பரஸ் ஏறியவர்கள் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்வார்கள், செவலமர் அல்லது கால்சியம் அசிடேட். குடலிலேயே பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும் மருந்து அது. உணவு வயிற்றில் இருக்கும்போது மட்டுமே அதற்கு வேலை. மதியம் சோறும் ரசமும் சாப்பிடும்போது தவறாமல் போட்டுக்கொள்கிறார்கள். நாலு மணிக்கு டீக்கடையில் நின்றபடி சாப்பிடும் கேக்குக்கு யாரும் போட்டுக்கொள்வதில்லை, அதைச் சாப்பாடு என்று கணக்கு வைக்காததால். அந்த நாலு மணித் தீனிக்கு மாத்திரை உண்டா, எத்தனை என்பது அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. கேட்கும்போது கேக் டப்பாவின் பின்பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு போகலாம்.